‘நல்லா இருக்கு’க்குப் பிறகு



1910களின் நடுப்பகுதி. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஒரு கட்டடத்தின் மாடியில் ஒரு சின்னஞ்சிறு காட்சிக்கூடம் இருந்தது. கூடத்தின் பெயர் 291. நடத்தியவர் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். பால் ஸ்ட்ராண்ட் என்ற இருபது சொச்சம் வயது இளைஞர் தாம் எடுத்த படங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு அவ்வப்போது அங்கே வருவார். அது மென்குவிய லென்ஸ்களின் காலம். புகைப்படத்தைக் கலை என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அது ஓவியம்போலப் பனிமூட்டமாக இருக்க வேண்டும் என்று பலர் நம்பினார்கள். ஸ்ட்ராண்டும் அப்படித்தான் எடுத்துவந்தார்.

ஸ்டீக்லிட்ஸ் அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். இந்த லென்ஸ் எல்லாவற்றையும் ஒரே பொருளால் செய்ததுபோல் ஆக்கிவிடுகிறது. புல்லைப் பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கிறது, தண்ணீரைப் பார்த்தால் மரப்பட்டை மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உரிய குணம் போய்விடுகிறது. அதோடு விடவில்லை, வழியும் சொன்னார்: லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கி எடுத்துப் பார். தன் வாழ்நாளில் கிடைத்த மிக உபயோகமான விமர்சனங்களில் ஒன்று என்று ஸ்ட்ராண்ட் பிற்காலத்தில் அதை நினைவுகூர்ந்தார்.

அடுத்து நடந்தது புகைப்பட வரலாறு. 1915இல் ஸ்ட்ராண்ட் ‘வால் ஸ்ட்ரீட்’ படத்தை எடுத்தார். மார்கன் வங்கிக் கட்டடத்தின் பிரம்மாண்டமான கறுத்த ஜன்னல் குழிகள், அவற்றின் கீழே நீண்ட நிழலை இழுத்துக்கொண்டு நடக்கும் சின்னச் சின்ன மனிதர்கள். 1916இல் 291இல் அவருடைய படங்கள் மாட்டப்பட்டன. 1917 ஜூனில் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய ‘கேமரா வொர்க்’ இதழின் கடைசி வெளியீடு முழுக்க ஸ்ட்ராண்டுக்கே ஒதுக்கப்பட்டது.

ஸ்டீக்லிட்ஸ் சொன்னதில் ‘உனக்குத் திறமை இருக்கிறது’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு வார்த்தை கிடையாது. பேச்சு முழுக்க அந்தக் காகிதத்தின் மேல் இருப்பதைப் பற்றியது. எங்கே கெடுகிறது, எதனால் கெடுகிறது, நாளைக்குக் கையில் கேமராவை எடுத்தால் எதை மாற்றலாம் என்பது வரை அதில் இருக்கிறது. கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவருக்கு வேலை கிடைக்கிறது. விமர்சனம் என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதே இந்தப் பேச்சின் சாரம். மற்றதெல்லாம் அதற்கான உதாரணங்கள்.

நம் ஊர்ப் புகைப்படக்காரர்கள் ஒருவருக்கொருவர் படம் காட்டும்போது பெரும்பாலும் கேட்பது ‘நல்லா இருக்கு சார்’, ‘செமயா இருக்குப்பா’, ‘கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏத்தலாம்’. முதல் இரண்டும் அன்பினால் வருபவை. அந்த அன்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவதுதான் பிரச்சினை. ஆலோசனை மாதிரியே ஒலிக்கிறது, ஆனால் எந்த இடத்தில், எதற்காக என்று கேட்டால் பதில் இருக்காது. படம் முழுக்கக் கான்ட்ராஸ்டை ஏற்றினால் தலைமுடி மசிக்கட்டியாகிவிடும், வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்துவிடும். சொன்னவர் ஒருவேளை நினைத்தது முகமும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்பதாக இருக்கலாம். அதையே சொல்லியிருந்தால் எடுத்தவர் முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்கியிருப்பார், அல்லது சுவரைத் தாழ்த்தியிருப்பார்.

கறுப்பு வெள்ளையைப் பற்றிக் கருத்துச் சொல்வது வண்ணப் படத்தைப் பற்றிச் சொல்வதைவிடக் கடினம். காரணம் எளியது. பச்சைப் பட்டுப்புடவை, சிவப்பு பார்டர். கண்ணுக்கு இதைவிடத் தெளிவான எதிர்ப்பு வேறு வேண்டாம். அதையே கறுப்பு வெள்ளையில் எடுத்தால் உடலும் பார்டரும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழுந்துவிடலாம். நெய்தவரின் கைவேலை முழுக்கக் காணாமல் போகும். லென்ஸின் முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டால் பார்டர் வெளுத்து உடல் கறுக்கும். பச்சை ஃபில்டர் போட்டால் அப்படியே தலைகீழ். இன்றைக்கு இந்த வேலையை கம்ப்யூட்டரில் சிவப்புக்கும் பச்சைக்கும் தனித்தனியாக உள்ள ஸ்லைடர்கள் செய்கின்றன. பழைய ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது. அதில் எடுத்த படங்களில் நெற்றிக் குங்குமம் சாந்துப் பொட்டுபோலக் கறுத்துக் கிடக்கும். ஆகவே ‘புடவை எடுபடவில்லை’ என்று சொன்னால் பாதி சொன்னதாகும். ‘பார்டரும் உடலும் ஒரே டோனில் இருக்கின்றன, பிரித்துக் காட்டுங்கள்’ என்று சொன்னால் முழுதும் சொன்னதாகும்.

இப்படிப் பேசுவதற்கு ஒரு பொது அளவுகோல் வேண்டுமல்லவா? 1940ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சலஸின் ஆர்ட் சென்டர் பள்ளியில் பாடம் நடத்திய புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் அதை உருவாக்கினார்கள். ஸோன் சிஸ்டம் என்று பெயர். முழுக் கறுப்பு பூஜ்யம், காகிதத்தின் வெறும் வெள்ளை பத்து. நடுவில் ஐந்தாம் படி, விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். விவரம் தெரிய வேண்டிய நிழல் மூன்றாம் படியில் நிற்க வேண்டும். நெசவு தெரிய வேண்டிய வெள்ளைத் துணி ஏழில். இது எக்ஸ்போஷர் கணக்குக்காகப் பிறந்த முறை என்றாலும், படம் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு அது ஒரு மொழியாகவும் ஆயிற்று. ‘இருட்டா இருக்கு’ என்பதற்குப் பதில் ‘மூன்றில் இருக்க வேண்டிய கூந்தல் ஒன்றுக்கு இறங்கிவிட்டது’ என்று சொல்ல முடிகிறது.

இங்கே நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தைப் பேசாமல் நகர முடியாது. ஆடம்ஸின் அட்டவணையில் வெயிலில் நிற்கும் வெள்ளையரின் தோல் ஆறாம் படி. கறுத்த தோல் ஐந்தாம் படி. வயலில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் முகம் அதற்கும் ஒரு படி கீழே இருக்கலாம். அது தவறே அல்ல. ஆனால் நம் ஊரில் படம் பார்க்கிறவர் முதலில் சொல்வது ‘முகம் கறுப்பா இருக்கு, கொஞ்சம் வெளுக்க விடுங்க’. கல்யாண ஆல்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்த பழக்கம் விமர்சனத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த முகத்தைக் கிட்டே வைத்துப் பாருங்கள். கன்ன எலும்பின் மேல் வியர்வை பட்டு ஒரு சிறு ஒளி இருக்கிறதா? மூக்கின் ஓரத்து நிழலுக்கும் கன்னத்துக்கும் இடையே வித்தியாசம் தெரிகிறதா? கருவிழி கண்ணுக்குள் தனியாக நிற்கிறதா? இவை இருந்தால் முகம் சரியாக இருக்கிறது. இவை இல்லையென்றால் குறை டோன்கள் பிரியாததில் இருக்கிறது, தோலின் நிறத்தில் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு இளம் புகைப்படக்காரருக்கு ஆலோசனை சொல்வது அவர் படத்தைக் கெடுப்பது மட்டுமல்ல. படத்தில் இருப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

ஸ்டீக்லிட்ஸிடம் திரும்புவோம். 1930இல் நியூ மெக்ஸிகோவின் டாவோஸில் ஸ்ட்ராண்ட் தம்முடைய நெகடிவ்களை வெள்ளைக் காகிதத்தின்மேல் பிடித்து ஆன்சல் ஆடம்ஸுக்குக் காட்டினார். பிரிண்ட் எதுவும் அப்போது அவர் கையில் இல்லை. பியானோ கலைஞராவதா, புகைப்படக்காரராவதா என்று அதுவரை இரண்டு மனமாக இருந்த ஆடம்ஸ் அன்றோடு முடிவெடுத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1933இல், அவர் தம் படங்களோடு நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸின் கதவைத் தட்டினார். அப்போது கூடத்தின் பெயர் ‘ஆன் அமெரிக்கன் பிளேஸ்’. முதல் வரவேற்பு கடுகடுப்பு; மதியத்துக்குமேல் வா என்று அனுப்பிவிட்டார் பெரியவர். ஆடம்ஸ் திரும்பிப் போனார். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் ஸ்டீக்லிட்ஸ் உட்கார்ந்திருந்தார். ஆடம்ஸுக்கு இடம் சூடேறிக் கிடந்த நீராவி ரேடியேட்டரின் மேல்தான். ஸ்டீக்லிட்ஸ் ஒவ்வொரு பிரிண்டாக எடுத்து, ஒன்றும் பேசாமல், நிதானமாகப் பார்த்தார். கடைசிப் படம் முடிந்ததும் கட்டை மூடினார். ஆடம்ஸ் நாடாவைக் கட்டப்போனார். ஸ்டீக்லிட்ஸ் மறுபடியும் திறந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தரம் பார்த்தார். அதன் பிறகுதான் வாயைத் திறந்து பாராட்டினார். 1936இல் அதே கூடத்தில் ஆடம்ஸுக்குத் தனிக் கண்காட்சி வைத்தார்.

இரண்டாவது முறை பார்த்தது முக்கியம். முதல் தரம் கண் தேடுவது பொருளை: இது மலை, இது மரம், இது பாட்டி. பொருள் தெரிந்துவிட்டால் திருப்தியடைந்து கண் நகர்ந்துவிடும். டோன்கள், ஓரங்கள், மூலையில் எட்டிப்பார்க்கும் வெள்ளைப் புள்ளி இவையெல்லாம் இரண்டாவது சுற்றில்தான் கண்ணில் படும். ஆடம்ஸோடு சேர்ந்து பணியாற்றிய மைனர் வைட், சான் ஃபிரான்சிஸ்கோவிலும் பின்னர் எம்.ஐ.டி.யிலும் மாணவர்களை ஒரு படத்தின் முன்னால் அசையாமல், பேசாமல் வெகுநேரம் உட்காரவைத்துப் பழக்கினார். அலுவலகம் போகிறவர்களுக்கு அவ்வளவு நேரம் இருக்காது. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் மௌனம் என்று வைத்துக்கொண்டாலே பேச்சின் தரம் மாறிவிடும்.

பார்க்கும் இடத்துக்கும் இதில் பங்குண்டு. இருட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: ஈரமாக இருக்கும்போது பளபளவென்று இருக்கும் பிரிண்ட் காய்ந்ததும் ஒரு மாற்றுக் குறைந்து கறுக்கும். அதனால் தொட்டியில் மிதக்கும் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆடம்ஸ் தம் கடைசிக் காலத்தில் சோதனைத் துண்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துக் காயவைத்துப் பார்த்தார், காய்ந்த டோன் எப்படி இருக்கும் என்று உடனே தெரிந்துகொள்வதற்காக. செல்போன் திரையில் பார்த்துச் சொல்கிறவர்கள் வெயிலில் நின்றுகொண்டு நிழல் விவரம் தெரியவில்லை என்று சொல்லாமல் இருந்தால் நல்லது.

இனி ஒரு எதிர் உதாரணம். புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1955, 56இல் குகன்ஹைம் உதவித்தொகையோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். 27,000க்கு மேற்பட்ட ஃபிரேம்களிலிருந்து 83 படங்களைத் தேர்ந்து ‘தி அமெரிக்கன்ஸ்’ புத்தகமாக்கினார். 1958இல் பாரிஸிலும் 1959இல் அமெரிக்காவிலும் அது வந்தது. ‘பாப்புலர் ஃபோட்டோகிராஃபி’ இதழ் பலரிடம் கருத்துக் கேட்டு 1960இல் வெளியிட்டது. பெரும்பாலும் கண்டனம். படங்கள் கலங்கலாக இருக்கின்றன, கிரெயின் அதிகம், எக்ஸ்போஷர் சேறுமாதிரி இருக்கிறது, அடிவானம் கோணிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. படங்கள் அப்படித்தான் இருக்கின்றன.

அட்டையில் வந்த நியூ ஆர்லியன்ஸ் டிராம் படத்தை எடுத்துக்கொள்வோம். வரிசையாக ஜன்னல்கள். முன்பக்க ஜன்னல்களில் வெள்ளையர்கள், நடுவில் இரண்டு வெள்ளைக் குழந்தைகள், அதற்குப் பின்னால் கேமராவை நேராகப் பார்க்கும் ஒரு கறுப்பின ஆண், அவருக்கும் பின்னால் ஒரு கறுப்பினப் பெண். மேல்வரிசைக் கண்ணாடிகளில் தெருவின் பிரதிபலிப்பு ஒன்றும் புரியாத கலங்கலாக நெளிகிறது. முதல் ஜன்னலில் இருப்பவர் முகம் கண்ணாடியின் பளபளப்பில் பாதி கரைந்திருக்கிறது. தொழில்நுட்பப் பட்டியல் வைத்திருப்பவர் இந்தக் கலங்கலுக்கு மதிப்பெண் குறைப்பார். ஆனால் தெளிவாக நிற்கும் முகம் எது என்று கேட்டிருந்தால் படம் வேறு மாதிரி திறந்திருக்கும். நிறத்தின் பேரால் யாருக்குப் பின் இருக்கை ஒதுக்கப்பட்டதோ அவர் முகத்தில்தான் வேதனை தெளிவாக இருக்கிறது. விமர்சகர்கள் கண்ணில் பட்டதைச் சரியாகவே பதிவு செய்தார்கள். அது அங்கே என்ன வேலை செய்கிறது என்ற அடுத்த கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டார்கள். கிரெயின் இருக்கிறது என்று சொல்வது கவனிப்பு. கிரெயின் இருக்கக் கூடாது என்பது ருசி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது ருசி, உண்மையின் சட்டையைப் போட்டுக்கொள்கிறது.

இதைவிடக் கொடுமையான விமர்சனம் ஒன்று உண்டு. அதில் வார்த்தையே இல்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்க கிராமங்களின் நிலையைப் பதிவு செய்ய அரசு ஒரு புகைப்படப் பிரிவை நடத்தியது. அதன் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். வாக்கர் எவன்ஸ், பென் ஷான், ஆர்தர் ராத்ஸ்டைன் போன்றவர்கள் அனுப்பிய நெகடிவ்களில் தமக்குத் தேவையில்லை என்று பட்டவற்றை, ஃபைலில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியால் அவர் துளைத்துவிடுவார். அந்த நெகடிவ்களில் பல இன்றும் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பிரிண்ட் போட்டால் ஒரு விவசாயியின் முகத்திலோ வானத்திலோ வட்டமாக ஒரு முழுக் கறுப்பு விழுகிறது. ஓட்டை வழியே ஒளி தடையில்லாமல் காகிதத்தைத் தாக்குவதால் வரும் கறுப்பு அது. ஏன் வேண்டாம் என்று காரணம் எழுதப்படவில்லை, திருத்திக்கொள்ளவும் வழியில்லை. ஸ்ட்ரைக்கர் சாதாரண ஆள் அல்ல. அவர் இல்லாவிட்டால் அந்தப் பெரும் ஆவணம் உருவாகியிருக்காது. இருந்தும் அந்தப் பஞ்ச் கருவிக்கு நியாயம் சொல்ல முடியவில்லை.

விமர்சனத்தைப் பெற்றுக்கொள்வதும் ஒரு திறமை. புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1922இல் இதே ஸ்டீக்லிட்ஸிடம் படங்களைக் கொண்டுபோனார். தான் உயிராக நினைத்த பிரிண்டுகளை ஸ்டீக்லிட்ஸ் ஒவ்வொன்றாக ஒதுக்கித் தள்ளியதாக வெஸ்டன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனாலும் மகிழ்ச்சியாகவே திரும்பினார். தம் படங்களைப் பற்றித் தமக்கே உள்ளுக்குள் இருந்த அபிப்பிராயம் அதில் உறுதிப்பட்டது என்பது அவர் கணக்கு.

ஐந்து வருடம் கழித்து வேறுவிதமான அனுபவம். 1927இல் அவர் சிப்பிகளையும் சங்குகளையும் எடுத்த படங்களை மெக்ஸிகோவில் இருந்த புகைப்படக்காரர் டீனா மொடோட்டிக்கு அனுப்பினார். மொடோட்டி அவற்றை ஓவியர்கள் தியேகோ ரிவேராவுக்கும் ஒரோஸ்கோவுக்கும் காட்டி, அவர்கள் சொன்னதையும் தனக்குத் தோன்றியதையும் கடிதமாக எழுதினார். அந்தப் படங்களில் எல்லோரும் பாலுணர்வைக் கண்டார்கள். மொடோட்டி தன் மனதையும் உடலையும் அவை கலக்கின என்று ஒளிக்காமல் எழுதினார். வெஸ்டன் தமக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை, உருவத்தின் அழகை மட்டுமே பார்த்தேன் என்று குறித்துவைத்தார். யார் சரி? இருவருமே. எடுத்தவரின் நோக்கத்துக்கு அவரே சாட்சி. பார்த்தவருக்குள் நடந்ததற்குப் பார்த்தவரே சாட்சி. வெஸ்டன் படங்களை மாற்றவில்லை. கடிதங்களைக் கிழித்தும் போடவில்லை. நாட்குறிப்பில் எடுத்து எழுதிவைத்துக்கொண்டார். பெற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி சொல்வது சிரமம். ‘நான் நினைத்தது அதுவல்ல’ என்று உடனே விளக்கம் கொடுக்கத் தொடங்குகிறவர் தம் படம் வெளியே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை இழக்கிறார். விளக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லா ஆலோசனையையும் ஏற்க வேண்டியதும் இல்லை; படம் எதற்காக எடுத்தது என்பதைப் பொறுத்தது அது. ஸ்ட்ரைக்கரின் பிரிவுக்காக டாரதியா லாங்க் 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த ‘மைக்ரன்ட் மதர்’ (இடம்பெயர்ந்த தாய்) படத்தின் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பத்தைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் ஒன்று ஃபோகஸ் இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணை இழுக்கிறது என்று கருதிய லாங்க் சில ஆண்டுகள் கழித்து நெகடிவிலேயே அதைத் திருத்தச் செய்தார். ஸ்ட்ரைக்கருக்குக் கோபம், அரசு ஆவணத்தில் கைவைக்கலாமா என்பது அவர் வாதம். படம் என்ற முறையில் லாங்க் பக்கமும், சாட்சி என்ற முறையில் ஸ்ட்ரைக்கர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இங்கே ஸ்ட்ரைக்கர் பக்கம் சாய்வதே சரி என்று படுகிறது, பஞ்ச் வைத்திருந்தவரே ஆனாலும். செய்திப் படத்தையும் சுவரில் மாட்டும் படத்தையும் ஒரே தராசில் வைத்து ஆலோசனை சொல்லக் கூடாது. இது எதற்காக எடுத்த படம் என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

எடுத்தவரே தமக்குச் சொல்லிக்கொள்ளும் விமர்சனத்துக்கு ஆடம்ஸின் ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ நல்ல சாட்சி. 1941 நவம்பர் 1 மாலை, சாலையோரம் காரை நிறுத்தி எடுத்த படம். லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி அளவு நினைவில் இருந்ததால் மனக்கணக்கில் எக்ஸ்போஷர் போட்டார். இரண்டாவது நெகடிவ் எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெளிச்சம் போய்விட்டது. அந்த ஒரே நெகடிவிலிருந்து வாழ்நாளில் 1,300க்கு மேற்பட்ட பிரிண்டுகள் போட்டார். ஆரம்பப் பிரதிகளில் வானம் சாம்பல். மேலே மெல்லிய மேகக் கீற்றுகள் தெரியும். 1948இல் நெகடிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். 1970களின் பிரதிகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு, மேல் மேகங்கள் மறைந்துவிட்டன. நெகடிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் கச்சேரி என்று சொன்னவர் அவர். பிந்தைய கச்சேரியே பலருக்குப் பிடித்தது. முந்தையதில் அந்திவேளை இன்னும் முடியாமல் இருக்கிறது என்று அதை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது போனது, எது வந்தது என்று பேசுவது விமர்சனம் பழகுகிறவர்களுக்கு அருமையான பாடம்.

கடைசியாக ஒரு செயல்முறை. புகைப்படக்காரர் டென்னிஸ் ஸ்டாக் 1955இல் மழையில் நனைந்த டைம்ஸ் சதுக்கத்தில் நடிகர் ஜேம்ஸ் டீன் நடந்துவருவதை எடுத்தார். மேக்னம் புகைப்பட நிறுவனத்தின் இருட்டறைக் கலைஞர் பாப்லோ இனிரியோ அந்தப் படத்தைப் பிரிண்ட் போடுவதற்காகக் குறித்துவைத்த பிரதி ஒன்று உண்டு. படம் முழுக்க வட்டங்கள், கோடுகள், எண்கள். எந்தப் பகுதிக்கு எவ்வளவு கூடுதல் ஒளி, எதற்குக் குறைவு என்று ஒவ்வொரு மூலைக்கும் கணக்கு. கருத்துச் சொல்கிறவர்கள் கையில் இப்படி ஒரு மலிவான பிரதியும் பென்சிலும் கொடுத்துவிட்டால் ‘நல்லா இருக்கு’ என்பதை எழுத இடம் இருக்காது. வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் என்ன குறை என்று இரண்டு வார்த்தை எழுத வேண்டும். நன்றாக வந்திருக்கும் இடத்துக்கும் தனியாக வட்டம் போட வேண்டும், அடுத்த பிரிண்டில் அதைத் தெரியாமல் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக. ஐந்து பேர் குறித்த ஐந்து பிரதிகளை மேசையில் பரப்பினால், மூன்று பேர் ஒரே இடத்தில் வட்டம் போட்டிருப்பது தெரியும். எடுத்தவர் அந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்கலாம்.